நாலு மணி டைம் சிக்னல்

கேள்வி: அப்பா ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து மூன்று மாதத்துக்கு முன் ரிட்டயர் ஆனார். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்துகொள்கிறார். பகலெல்லாம் கடிகாரத்தையே பார்க்கிறார். அவரை எதில் ஈடுபடுத்துவது? ரிட்டயர் ஆனவர்கள் உங்கள் நாளை எப்படிக் கழிக்கிறீர்கள்?

பதில்:

தம்பி, மூன்று மணிக்கு எழுந்து உட்காருகிறவரை "போய்ப் படுங்கப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது வியாதி இல்லை, டியூட்டி. நான் 1975-ல் ஏ.எஸ்.எம். (உதவி ஸ்டேஷன் மாஸ்டர்) ஆகச் சேர்ந்து 2012-ல் வெளியே வந்தவன். பத்து வருஷத்துக்கு மேலாகிறது, இன்றைக்கும் மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடும். நைட் டியூட்டியில் இரண்டிலிருந்து நாலு வரைதான் ஆளை அடித்துப்போடும் நேரம். தூங்கிவிடக் கூடாதே என்று பயந்து பயந்து அந்த இரண்டு மணி நேரத்தையும் முழித்தே கழித்த உடம்பு அது. பிளாட்பாரக் குழாயில் முகம் கழுவி, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்போம். இனிமேல் தூங்கலாம் என்று ஆர்டர் வந்துவிட்டது என்பதை உடம்பு நம்புவதற்கு நாளாகும். சில உடம்பு நம்புவதே இல்லை.

மழை பெய்யும் ராத்திரி இன்னும் மோசம். மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு மாடிக்குத் தகர ஷீட் போட்டிருக்கிறது. ஐப்பசி மழை அதில் விழுந்தால் வீட்டுக்காரிக்கு நல்ல தூக்கம் வரும், நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எங்கள் தலைமுறை ஏ.எஸ்.எம்.கள் எல்லோரும் டிரெயினிங்கில் கேட்டு வளர்ந்த கதை அரியலூர். 1956 நவம்பர் 23, விடியற்காலை. மருதையாற்றில் வெள்ளம் வந்து பாலத்துப் பக்கம் மண் அரித்துப் போயிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அப்படியே ஆற்றில் இறங்கிவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அப்போதைய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார் என்பதைப் பள்ளிக்கூடப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். எங்களுக்குப் பாடம் அது இல்லை. மழை ராத்திரியில் லைனில் ரோந்து போன ஆள் அடுத்த முனைக்கு வந்து சேர்ந்தானா என்று கேட்பதுதான் பாடம். அந்த ஆள் லாந்தரோடு வந்து நோட்டில் கையெழுத்துப் போடும்வரை மனசு ஒரு நிலையில் இருக்காது. இப்போது யாரும் வந்து கையெழுத்துப் போடப்போவதில்லை. ஆனாலும் மழைச் சத்தம் கேட்டால் காது வாசல் பக்கமே இருக்கும். உங்கள் அப்பாவுக்கும் இப்படி ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். என்ன சத்தம் என்று கேட்டுப் பாருங்கள், விடியும்வரை பேசுவார்.

ரிட்டயர் ஆன புதிதில் என் மகன் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தான். நல்ல தேக்கு. அதில் இப்போது இஸ்திரிக்குப் போகவேண்டிய துணி இருக்கிறது. எனக்கு உபயோகமானது அவன் வீசி எறிந்த ஒரு நீளக் கணக்கு நோட்டு. எங்கள் ஸ்டேஷன்களில் டிரெயின் ரிஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. லைன் கிளியர் (வண்டியை அனுப்ப அடுத்த ஸ்டேஷனின் சம்மதம்) கேட்ட நேரம், கிடைத்த நேரம், வண்டி உள்ளே வந்த நேரம், புறப்பட்ட நேரம் எல்லாம் நிமிஷக் கணக்கில் ஏறும். அடித்தல் திருத்தல் கூடாது. தப்பாகிவிட்டால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியாக எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அந்த நோட்டில் அதே மாதிரி கட்டம் போட்டுக்கொண்டேன். பால்: 5.38. பேப்பர்: 6.05. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர்: வந்தது 6.20, நின்றது 6.55. கடைசிக் கட்டம் "தாமதக் காரணம்". பால்காரர் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டார். "என்ன சார், என் பேருக்கு நேரா 'மாடு உதைத்தது'ன்னு எழுதியிருக்கீங்க" என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள் என்றேன். அன்றிலிருந்து லேட் ஆனால் வாசலிலேயே காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் பாலை ஊற்றுகிறார்.

அடுத்தது கடிகாரம். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் கடிகாரம் இரண்டு. கூடத்தில் இருப்பது என்னுடையது. சமையலறையில் இருப்பது வீட்டுக்காரியுடையது, அது எப்போதும் பன்னிரண்டு நிமிஷம் முந்தி ஓடும். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறாள். "அப்பத்தான் எல்லாம் நேரத்துக்கு நடக்கும்" என்பது அவள் கட்சி. ஆரம்பத்தில் நான் திருத்தி வைப்பேன், அவள் மறுபடி தள்ளி வைப்பாள். இப்போது சமாதானமாகப் போய்விட்டோம். அவள் கடிகாரத்துக்குக் கல்கத்தா டைம் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அந்தப் பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தியாவில் ஊருக்கு ஊர் மணி வேறு. சூரியன் உச்சிக்கு வரும்போது அந்த ஊருக்குப் பன்னிரண்டு மணி, அவ்வளவுதான். மாட்டுவண்டிக்கு இது போதும், ரயிலுக்குப் போதாது. கல்கத்தாவில் ஒரு மணி, பம்பாயில் ஒரு மணி என்றால் டைம்டேபிள் போட முடியாது. அப்போது ரயில்வேக்காரர்கள் பொதுவாக எடுத்துக்கொண்டது மெட்ராஸ் டைம். கல்கத்தாவைவிட ஏறக்குறைய அரை மணி பின்னால், பம்பாயைவிட ஏறக்குறைய அரை மணி முன்னால் என்று நடுவில் இருந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-லேயே அங்கே ஒரு வானாய்வுக் கூடம் கட்டிவிட்டது. நட்சத்திரம் பார்த்துத் துல்லியமாக மணி சொல்ல ஆள் இருந்த இடம் அது. அங்கே கணக்கிட்ட மணி தந்திக் கம்பி வழியாக ஸ்டேஷன்களுக்குப் போயிற்று. இங்கிலாந்தின் கிரீன்விச் மணிக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முன்னால். டெல்லிக்காரனும் லாகூர்க்காரனும் ரயில் பிடிக்க வேண்டுமென்றால் நம்ம நுங்கம்பாக்கத்து மணியைத்தான் பார்க்க வேண்டும்! நான் சர்வீஸில் இருந்தபோது மேலிடத்து வடக்கத்தி அதிகாரிகளிடம் இதைச் சொல்லிக் காட்ட ஒரு தடவைகூடச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. அந்தக் குறை இன்னும் இருக்கிறது.

1906 ஜனவரி 1-ல் இந்தியா முழுக்க ஒரே மணி வந்தது. 82½ டிகிரி கிழக்கு என்ற தீர்க்கரேகை, மிர்சாபூர் பக்கத்திலும் நமக்குக் கிட்டே காக்கிநாடா பக்கத்திலும் போகிறது, அதை வைத்துக் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். மெட்ராஸ்காரர்கள் அன்றைக்குக் கடிகாரத்தை ஒன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக முன்னே தள்ளினார்கள், வேலை முடிந்தது. கல்கத்தாவும் பம்பாயும் மட்டும் மசியவில்லை. கல்கத்தா தன் சொந்த மணியை 1948 வரைக்கும் விடவில்லை, பம்பாய் 1955 வரைக்கும். நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் ஊர் மணியை விட்டுக்கொடுக்காத பிடிவாதம் அது. எங்கள் வீட்டுச் சமையலறைக்கு அந்தப் பெயர் பொருந்துமா இல்லையா சொல்லுங்கள்.

நுங்கம்பாக்கத்தில் வானிலை ஆராய்ச்சி மைய வளாகத்துக்குள் அந்தப் பழைய கூடத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. பதினைந்து அடி உயரம், தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறது. மெட்ராஸில் இருக்கும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு திட்டம். அவளுக்கு வேறு வேலை இருக்கிறது.

இந்த மணி விஷயத்தில் பயணிகளோடு நான் பட்ட பாடு தனி. ரயில்வேக்கு நாள் நள்ளிரவில் மாறும். 12-ம் தேதி 0.15 மணி வண்டி என்றால், 11-ம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி வர வேண்டும். வருஷத்தில் நாலைந்து குடும்பமாவது 12-ம் தேதி ராத்திரி மூட்டை முடிச்சோடு வந்து நிற்கும். வண்டி முந்தின ராத்திரியே போயிருக்கும். ஒரு தடவை கல்யாணத்துக்குப் போகிற கோஷ்டி, பதினேழு பேர், தாம்பாளம் சீர்வரிசையோடு. மாப்பிள்ளையும் அதிலேயே இருந்தார். நான் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு வேன் பேசி அனுப்பினோம், முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அப்போது இவர்களுக்கு அறிவே இல்லையா என்று நினைப்பேன். ரிட்டயர் ஆன பிறகு பஞ்சாங்கம் படிக்கக் கொஞ்சம் பொழுது கிடைத்தது. படித்ததும்தான் விளங்கிற்று, அவர்கள்மேல் தப்பே இல்லை. நம் கணக்கில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். உதயத்திலிருந்து அடுத்த உதயம்வரை அறுபது நாழிகை, நாழிகை ஒன்றுக்கு 24 நிமிஷம். அந்தக் கணக்குப்படி நடுராத்திரி 12.15 என்பது இன்னும் நேற்றுதான். பதினேழு பேரும் பஞ்சாங்கப்படி மிகச் சரியாக வந்தார்கள். ரயில்தான் வேறு கணக்கில் போய்விட்டது. டைம்டேபிளில் 0.00 என்று போடுவதை ரயில்வே பொதுவாகத் தவிர்ப்பதும் இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான், 23.59 என்றோ 0.05 என்றோ நகர்த்திவிடுவார்கள். ஆனாலும் 0.05-ல் பாதி ஊர் ஏமாறும். உங்கள் வீட்டில் யாராவது நள்ளிரவு தாண்டிய வண்டிக்கு டிக்கெட் போட்டால், அப்பாவிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். அவருக்கும் ஒரு வேலை.

ராகுகாலத்துக்காரர்கள் இன்னொரு ரகம். வண்டி பத்தே முக்காலுக்கு என்றால் வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும், அதற்குள் வீட்டைவிட்டுப் புறப்பட்டாயிற்று அல்லவா! வண்டி ராகுகாலத்தில் கிளம்பினால் அது ரயில்வே பாவம். "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வரியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பாட்டிதான். வார்த்தைகளின் முதலெழுத்து கிழமை: திங்கள் ஏழரை, சனி ஒன்பது, வெள்ளி பத்தரை என்று ஒன்றரை ஒன்றரை மணியாக ஏறிக்கொண்டே போய் ஞாயிறு நாலரையில் முடியும். ரயில்வேயின் முழு டைம்டேபிளையும் இப்படி ஒரு வரியில் அடக்க ஆள் இல்லை.

லேட் ஆனவர்களுக்கு ஆறுதல் சொல்ல எங்கள் ஊரில் ஒரு விசேஷமே இருக்கிறது. ஐப்பசி மாதம் முழுக்க மயிலாடுதுறைக் காவிரித் துலாக்கட்டத்தில் முழுக்கு, கடைசி நாள் கடைமுகம். அதற்கு மறுநாள் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. கால் முடியாத ஒரு பக்தர் நகர்ந்து நகர்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துபோயிற்றாம். அவருக்காக சுவாமி ஒரு நாள் நீட்டித்துக் கொடுத்தார் என்று ஐதீகம். ஒரு பயணிக்காக ஒரு நாள் முழுக்க வண்டியைப் பிடித்து வைத்தவர்! வண்டிகளின் போக்கைக் கவனிக்கும் கண்ட்ரோல் ஆபீஸில் இருந்து எங்களுக்கு இரண்டு நிமிஷத் தாமதத்துக்கே மெமோ வரும். வருஷா வருஷம் கார்த்திகை ஒன்றாம் தேதி நானும் போய் முழுக்குப் போடுகிறேன். முழங்கால் வலி வந்த பிறகு அந்த நாள் எனக்கும் சொந்தமாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் இருந்தால் முழுக்கு, இல்லாவிட்டால் தெளித்துக்கொள்வது.

வயதைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் பிறந்தது நந்தன வருஷம் ஆவணி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐந்து வயசு காட்ட வேண்டுமே என்று வாத்தியார் போட்ட தேதி 1952 ஜூன் 1. என் வயசுக்காரர்களில் பாதிப்பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள், எல்லாம் வாத்தியார்கள் பெற்ற பிள்ளைகள். சர்க்கார் சட்டம் என்னவென்றால், அறுபது முடிகிற மாதத்தின் கடைசி நாள் ரிட்டயர்மெண்ட். ஆனால் ஒன்றாம் தேதி பிறந்தவனுக்கு முந்தின மாதக் கடைசி நாளிலேயே கதவு அடைத்துவிடும். அதனால் நான் 2012 மே 31-ல் வீட்டுக்கு வந்தேன். நிஜமான அறுபது முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. 1998-க்கு முன்னால் என்றால் 58-லேயே அனுப்பியிருப்பார்கள், அந்த விதத்தில் லாபம். நந்தனத்தில் பிறந்து, அறுபது வருஷச் சுற்று முடிந்து அடுத்த நந்தனத்தில் ரிட்டயர். அந்த ஆவணியில் திருக்கடையூரில் சஷ்டியப்தபூர்த்தி. மார்க்கண்டேயனுக்காகக் காலனைக் காலால் உதைத்த தலம் அது. வாழ்க்கை பூராவும் நேரத்துக்குப் பயந்தவன் போய் நிற்க வேண்டிய சரியான சந்நிதி.

திருக்கடையூருக்குக் காரில் போனோம். ஒரு காலத்தில் ரயிலிலேயே போகலாம். மாயவரத்திலிருந்து மன்னம்பந்தல், செம்பனார்கோவில், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கு மீட்டர்கேஜ் என்ற குறுகல் பாதை 1926-ல் போட்டார்கள். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய கோட்டைக்குப் பக்கம்வரை போகும். 1986-ல் மூடிவிட்டார்கள். மூடின பாதை ஒன்றை வயல் நடுவில் பார்த்தால் இந்த வயசிலும் எனக்குத் தொண்டை அடைக்கும், அதனால் அந்தப் பக்கம் ஜன்னலில் உட்காருவதில்லை.

காலை டிபன் முடிந்ததும் ஜங்ஷனுக்கு நடை. நாங்கள் நாலு பேர் சேருவோம். ஒருவர் புக்கிங் கிளார்க்காக இருந்தவர், ஒருவர் கார்டு (2022-லிருந்து கார்டுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர், இவருக்குப் பெயர் மாறுவதற்கு முன்பே பென்ஷன் வந்துவிட்டது), ஒருவர் தண்டவாளத்தைப் பாதை மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் மீட்டர்கேஜில் வந்து முடியும். விழுப்புரம் பாதையை அகலமாக்கி 2010-ல் திறந்தார்கள். நான் கடைசி இரண்டு வருஷம் பிராட்கேஜில் வேலை பார்த்தேன், ஆனால் கனவில் வருவதெல்லாம் சின்ன வண்டிதான்.

பாயிண்ட்ஸ்மேன் கையில் மணிக்கட்டுக்கு மேல் ஒரு தழும்பு உண்டு. டோக்கன் வாங்கும்போது பட்டது. ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க அப்போது இருந்தது டோக்கன் உருண்டை. இரண்டு ஸ்டேஷனிலும் ஆளுக்கொரு இரும்புப் பெட்டி, இரண்டையும் கம்பி இணைத்திருக்கும். அந்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தால்தான் இந்தப் பெட்டியிலிருந்து ஒரு உருண்டை வெளியே வரும். ஒன்று வெளியே இருக்கும்வரை இரண்டு பெட்டியும் பூட்டிக்கொள்ளும், இன்னொன்று வராது. அந்த உருண்டை டிரைவர் கையில் இருந்தால்தான் வண்டி போகலாம். பக்கத்துச் செக்‌ஷன் உருண்டையை மாற்றிப் போட்டாலும் பெட்டி ஏற்காது, துளையின் வடிவம் வேறு. அதைத் தோல்பையில் போட்டுப் பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி, நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸில் ஃபயர்மேன் கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டு போவார், பழைய வளையத்தை வீசிவிட்டுப் போவார். ராத்திரியில் தீப்பந்த வெளிச்சத்தில் இது நடக்கும். பிடி தவறினால் வண்டி நின்றுவிடும். கை தவறினால் தழும்பு.

இந்த உருண்டையை எட்டாவது படிக்கும் பேத்திக்கு விளக்கினேன், கொட்டாவி விட்டாள். பிரைவேட் நம்பரைச் சொன்னேன், நிமிர்ந்து உட்கார்ந்தாள். லெவல் கிராசிங் கேட்டைச் சாத்திவிட்டேன் என்று கேட்மேன் போனில் சொன்னால் மட்டும் போதாது, ஒரு இரண்டு இலக்க எண் சொல்ல வேண்டும். அவரிடம் ஒரு அச்சடித்த தாள் இருக்கும், கன்னாபின்னாவென்று வரிசையில்லாத எண்கள். ஒன்றைச் சொன்னதும் அதை அடித்துவிட வேண்டும், மறுபடி சொல்லக் கூடாது. நான் என் ரிஜிஸ்டரில் அந்த எண்ணை எழுதிக்கொண்ட பிறகுதான் சிக்னல் இறக்குவேன். நாளைக்கு ஏதாவது என்றால் "நான் சொல்லவே இல்லை" என்று யாரும் தப்ப முடியாது. "தாத்தா, இது ஓடிபி!" என்றாள். அதேதான். போனில் ஓடிபி வந்து, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பேங்க் எச்சரிக்கும்போது என் வயசுக்காரர்கள் மிரளுகிறார்கள். எங்களுக்கு அது காலுக்குப் பழகிப்போன பழைய செருப்பு. உங்கள் அப்பாவிடம் பேங்க் வேலையைத் தைரியமாக விடுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லமாட்டார், சொன்னாலும் நோட்டில் நேரம் போட்டு எழுதி வைத்திருப்பார்.

பேத்தியோடு இன்னொரு விளையாட்டு ஊர்க் குறியீடு. டிக்கெட்டில் மயிலாடுதுறைக்கு எம்.வி. என்று ஏன் இருக்கிறது? 1982-ல் ஊர்ப் பெயர் மாறிற்று, குறியீடு மாயவரத்திலேயே நின்றுவிட்டது. சீர்காழிக்கு எஸ்.ஒய்., வெள்ளைக்காரன் வாயில் ஷியாளி. பரங்கிப்பேட்டைக்கு பி.ஓ., போர்ட்டோ நோவோ. கொள்ளிடத்துக்கு சி.எல்.என்., கோலரூன். தஞ்சாவூர் டி.ஜே., தூத்துக்குடி டி.என். சென்ட்ரல் இன்றைக்கும் எம்.ஏ.எஸ்., அதற்குள் மெட்ராஸ் இருக்கிறது. அவள் ஊர்ப் பெயர் சொல்லுவாள், நான் குறியீடு சொல்ல வேண்டும். இதுவரை தோற்றதில்லை. புக்கிங் கிளார்க் என்னைவிடக் கெட்டிக்காரர், எந்த ஊருக்கு என்ன கட்டணம் என்று 1980-ன் விலையில் சொல்லுவார். அட்டை டிக்கெட் ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். இரண்டேகால் அங்குலம் நீளம்தான் இருக்கும். தேதி மெஷினில் செருகினால் 'தடக்' என்று ஒரு சத்தம் வரும், வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டுவார். அந்த அட்டையைக் கண்டுபிடித்த எட்மண்ட்சன் இங்கிலாந்தில் 1830-களில் ஒரு சின்ன ஊர் ஸ்டேஷன் மாஸ்டர். ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதி அலுத்துப்போய் அதைச் செய்தாராம். ஸ்டேஷன் மாஸ்டர்களை உலகம் சும்மா உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று நினைக்கும்போது நான் இவரைத்தான் இழுப்பேன்.

நவம்பர் மாதம் வந்தால் எங்கள் பேச்சு முழுக்க, பென்ஷன் நிற்காமல் வர வருஷா வருஷம் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழ். எண்பது தாண்டினவர்களுக்கு அக்டோபரிலேயே ஆரம்பம். நான் கணக்கு வைத்த பேங்க் கிளை ஒன்றில் விரல் ரேகை மெஷின் என்னை மூன்று தடவை ஆள் இல்லை என்று சொல்லிவிட்டது. வயசானால் ரேகை தேய்ந்துவிடும். இப்போது செல்போனிலேயே முகத்தைக் காட்டிவிடலாம், வீட்டில் இருந்தபடி. ஒரே ஒரு நிபந்தனை, கண்ணைச் சிமிட்ட வேண்டும். சுயம்வரத்தில் தேவர்கள் நாலு பேரும் நளன் வேஷத்தில் உட்கார்ந்திருக்க, கண் இமைத்தவன்தான் மனுஷன் என்று தமயந்தி கண்டுபிடித்தாள் அல்லவா, அதே சோதனை. அப்பாவுக்கு முதல் நவம்பர் இது, கூட இருந்து செய்து கொடுங்கள். எண்பதில் பென்ஷன் இருபது சதவீதம் கூடும், நூறு வயசில் இரட்டிப்பு. பாயிண்ட்ஸ்மேன் நூறைக் குறிவைத்திருக்கிறார்.

மத்தியானம் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. சாப்பாடு, ஒரு தூக்கம்.

சாயங்காலம் நாலு மணிதான் என் நாளில் முக்கியமானது. சர்வீஸில் தினமும் 16.00 மணிக்குக் கண்ட்ரோலில் இருந்து டைம் சிக்னல் வரும். செக்‌ஷனில் இருக்கும் எல்லா ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரே நேரத்தில் போனை எடுத்துக் காதில் வைத்திருப்போம். கண்ட்ரோலர் எண்ணிக்கொண்டே வந்து "பதினாறு மணி" என்பார். எல்லா ஸ்டேஷனிலும் கடிகாரத்தைச் சரி பார்த்து ரிஜிஸ்டரில் எழுதுவோம். எத்தனையோ ஊரில் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிற ஆட்கள் ஒரு நாளில் ஒரே ஒரு நிமிஷம் சேர்ந்து இருந்த மாதிரி இருக்கும். முகம் பார்க்காமலேயே எனக்கு இருபது பேரின் இருமல் தெரியும்.

ரிட்டயர் ஆகி நாலைந்து மாதம் இருக்கும். நாலு மணிக்குக் காபி டம்ளரோடு கூடத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது உங்கள் அப்பா பார்ப்பது போல. போன் அடித்தது. பழைய செக்‌ஷன் கண்ட்ரோலர், எனக்கு முன்னாலேயே ரிட்டயர் ஆகித் திருச்சியில் இருப்பவர். ஹலோ கூட இல்லை. "பதினாறு மணி" என்றார். நானும் பழக்கத்தில் "பதினாறு மணி, சரி" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து தினமும் வருகிறது. இரண்டு நிமிஷம் பேச்சு, மழை உண்டா, முழங்கால் எப்படி, வைத்துவிடுவார். போன வாரம் ஒரு நாள் நாலு அடித்தும் போன் வரவில்லை. நாலு ஒன்று, நாலு இரண்டு. வீட்டுக்காரி சமையலறையிலிருந்து வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டாள், ஒன்றும் பேசவில்லை. 16.07-க்கு அடித்தது. "பேரன் போனை எடுத்துக்கிட்டு மாடிக்குப் போயிட்டான்யா" என்றார். நோட்டில் எழுதினேன்: டைம் சிக்னல், 7 நிமிஷம் தாமதம், காரணம் பேரன்.

உங்கள் அப்பா எந்த டிவிஷன், எந்த செக்‌ஷன் என்று நீங்கள் எழுதவில்லை. என்னோடு பேசச் சொல்லுங்கள். நாலு மணிக்கு மட்டும் வேண்டாம், லைன் காலியாக இருக்காது. நாலு ஐந்துக்குக் கூப்பிடட்டும், கூடத்துக் கடிகாரப்படி.